கட்டத்துக்கு வெளியே எழுதிய சொல்

வாசிகசாலையில் அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் மாமா, கையில் அடிமட்டம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஊர்க்காரர் ஒருவர். அவருடைய மனைவி, வீடியோக் கமராவுடன். கடைக்காரரின் மகள்மார் இரண்டு பேர். ஐயரின் மகன். லொறி ஓட்டுகிறவரின் மகள். நான். பின்வரிசை வாங்கில் எங்கள் தாய்மார் நான்கு பேர். அதில் கடைசியாக, சுவரோரம், என் அம்மா.

அப்பா அங்கே இல்லை. அப்பாவைப் பற்றித்தான் அன்று பிரச்சினை.

எனக்கு ஒன்பது வயது. மாமா, அம்மாவின் தமையன். ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் புளியங்கூடலில் இங்கிலீசு தெரிந்த ஆள் தான்தான் என்று தானே சொல்லிக்கொள்வார். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் கரும்பலகையும் கொப்பிகளும் வாங்கிக் கொடுத்து, சனிக்கிழமை இங்கிலீசு வகுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள்.

மாமா பலகையில் மூன்று கட்டம் கீறுவார். முதல் கட்டத்தில் ஆட்கள்: மை பாதர், மை மதர், மை சிஸ்டர். நடுக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்: இஸ். கடைசிக் கட்டத்தில் தொழில்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து வசனம் ஆக்க வேண்டும். நடுவில் உள்ளதை விட்டால் அடிமட்டம் விரலில் விழும்.

"இஸ் இல்லாட்டி வசனம் நிக்காது. கப்பில்லாத கொட்டில் மாதிரி," என்பார்.

ஐயரின் மகன் ஒருநாள் கட்டத்தைப் பாராமல், மை மதர் இஸ் எ டிரைவர் என்றான்.

"கொம்மா லொறி ஓடுறா எண்டு கோயிலடியில ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார் மாமா. லொறிக்காரரின் மகள் சிரித்துச் சிரித்து வாங்கிலிருந்து விழுந்தாள். அப்படியும் நாட்கள் இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளிநாட்டுக்காரர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், ஆளுக்கு ஐந்து வசனம் என்று மாமா பிரித்துத் தந்தார். பெயர், வயது, ஊர், அம்மா, அப்பா. ஐந்தாவது வசனத்துக்குக் கடைக்காரரின் மகள்மார் கடைக்காரர் என்ற சொல்லை எடுத்தார்கள். ஐயரின் மகன் பூசகர் என்பதை எடுத்தான். நான் கமக்காரனை எடுத்தேன். அப்பா போகுமட்டும் வெங்காயம் செய்தவர்.

மாமா என் கொப்பியை வாங்கி அந்தச் சொல்லை வெட்டினார். பலகைக்குப் போனார். கட்டத்துக்கு வெளியே, ஒரு மூலையில், புதிதாக ஒரு சொல் எழுதினார்.

"உன்ர வசனம் வேற. மை பாதர் இஸ் டெட். சொல்லு பாப்பம்."

சொன்னேன்.

"டெட் எண்டால் என்ன மாமா?"

"தூர இடத்தில இருக்கிறார் எண்டு அர்த்தம்."

எனக்குச் சரியாகத்தான் பட்டது. அப்பா ஏஜென்சிக்காரன் மூலம் வெளிநாட்டுக்குப் போய் மூன்று வருடம். வழியில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருமுறை போன் எடுத்தார். பனி கொட்டுது, கால் விறைக்குது என்றார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. அம்மா விடியக் குளித்து, ஒரு சதக் காசு அளவில் பொட்டு வைத்துக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போவார். ஊரில் ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் வசனம் பாடமாக்கினேன். குசினிக்குள் நான் சொல்வேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டு கேட்பார். அவருக்கு இங்கிலீசு தெரியாது.

"கடைசியைச் சத்தமாச் சொல்லு பிள்ளை. பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்க வேணும்."

சத்தமாகச் சொன்னேன். அப்பாவைப் பற்றிய வசனம் அது என்று சொல்லிவைத்திருந்தேன். அதனால் அம்மாவுக்கு அதில் ஒரு பிரியம். இரண்டாம் நாள் அவரும் சேர்ந்து சொன்னார். துருவலகில் குனிந்தபடி, சிரித்துக்கொண்டு, மை பாதர் இஸ் டெட் என்றார். நான் திருத்தினேன். பாதரில் நாக்கு இன்னும் கொஞ்சம் வெளியே வர வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.

வயது போனால் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை வந்தது. மற்றப் பிள்ளைகள் சொல்லி முடித்தார்கள். வெளிநாட்டுக்காரர் கைதட்டினார். நான் எழும்பி நாலு வசனம் பிசகாமல் சொன்னேன். ஐந்தாவதையும் சொன்னேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. அந்த மனிசி கமராவைக் கீழே இறக்கினா. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, அம்மா சொல்லித் தந்தது போல் இன்னும் பலமாக, இரண்டாம் தரமும் சொன்னேன்.

"அச்சோ," என்றா அந்த மனிசி. "தகப்பன் செத்துப்போனாரே? இதில ஆர் தாய்?"

கடைக்காரரின் பெண்சாதி அம்மாவைக் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். அம்மாவின் முகத்தை அல்ல, நெற்றியைத்தான் பார்த்தார்கள்.

"நீரோ தாய்?" என்று கேட்டு அந்த மனிசியும் நெற்றியையே பார்த்தா.

அம்மா எழும்பி வந்தார். வாங்குகளுக்கு நடுவே வர அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. என் முன்னால் நின்று கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன் அம்மா எனக்கு அடித்ததே இல்லை. உச்சரிப்பில் எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நாக்கை வெளியே நீட்டிப் பாதர் என்று இன்னொருமுறை சொல்லப் பார்த்தேன். இரண்டாவது அறை விழுந்தது.

பிறகு மாமாவைப் பார்த்தார்.

"அண்ணை, பிள்ளைக்கு ஆர் இதைச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

மாமா பலகைப் பக்கம் திரும்பினார்.

"கடிதம் வந்ததோ? போன் வந்ததோ? ஆர் கண்டது?"

மாமா அடிமட்டத்தை மேசையில் வைத்தார். பிறகு எடுத்தார். பிறகும் வைத்தார்.

அம்மா வெளிநாட்டுக்காரரிடம் திரும்பினார்.

"அவர் இருக்கிறார். என்ர நெத்தியைப் பாருங்கோ. இருக்கிறார் எண்டு எழுதுங்கோ."

என்ன எழுதச் சொல்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அதோடு மாமாவின் வகுப்பு எனக்கு முடிந்தது. பள்ளிக்கூடத்திலும் இங்கிலீசுப் பேப்பருக்குப் பெயரை மட்டும் எழுதி வெறும் தாளாகக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மா மாமாவோடு கதைக்கவில்லை. அவர் படலைக்கு வெளியே வந்து நின்று இருமுவார். அம்மா உள்ளே போய்விடுவார். பொட்டு மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. நல்லநாள் பெருநாளுக்கு மற்றப் பெண்கள் அம்மாவை முன்னுக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். கூப்பிடாத இடத்துக்கும் அம்மா போனார். வைத்த பொட்டோடு போனார், நின்றார், வந்தார்.

போன மாசியில் அம்மா செத்துப்போனார். குளிப்பாட்டிய பிறகு பொட்டு வைப்பதா விடுவதா என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் குங்குமத்தை எடுத்து நானே வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் மாமா வந்தார். தடி ஊன்றிக்கொண்டு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"உன்ர கொப்பன் இருக்கிறான்," என்றார்.

நான் அவருக்கு முன்னால் குந்தினேன்.

"அப்பவே தெரியும். வகுப்பு நடந்த அந்த வருசமே தெரியும். சுருவில் எண்ட ஊர் ஆள் ஒருத்தன் வெளிநாட்டில அவனைக் கண்டுபோட்டு எனக்குச் சொன்னவன். அங்க வேற ஒருத்தியோட இருக்கிறான். செத்துப்போனான் எண்டால் கொம்மா ஒருநாள் அழுது முடிச்சிருப்பாள். விட்டிட்டுப் போட்டான் எண்டால் அவள் தாங்கமாட்டாள்."

"அம்மாட்டை நேர சொல்லியிருக்கலாம்."

"வாயில வரேல்லைப் பிள்ளை. அதுதான் உன்ர வாயில வைச்சனான்."

ஒன்பது வயதில் நான் வாங்கிய அறை ஆருக்கு விழ வேண்டியது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவருக்கு முன்னால் இருந்த தேத்தண்ணியை எடுத்து முற்றத்தில் ஊற்றினேன். கிழவன் என்றும் பார்க்கவில்லை, மாமா என்றும் பார்க்கவில்லை. அவர் தடியை ஊன்றி எழும்பினார். படலை வரைக்கும் போகவிட்டுக் கேட்டேன்.

"அங்க பிள்ளையள் இருக்கோ?"

"ஓம்."

"எத்தினை?"

"மூண்டு."