சும்மாட்டுக்குள் சின்ன வெங்காயம்

மகள் வீட்டுக் குளியலறையில் ஒரு பாட்டில் இருக்கிறது. வெங்காய எண்ணெயாம், முடி கொட்டாதாம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், ரோசாப்பூ மணக்கிறது. வெங்காயத்தை இப்படி மணக்க வைக்கிற வித்தை அந்தக் காலத்தில் தெரிந்திருந்தால், நான் அத்தனை பேர் முன்னால் தலையைக் காட்டியிருக்க வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போடியில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். போடிமெட்டிலிருந்து ஜீப்பில் லோடு இறங்கும். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றி, அதன்மேல் மூட்டையை வைத்து உள்ளே கொண்டுபோவது என் சோலி. பக்கத்து ஊரான தேவாரத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். அதற்காக முடி வெட்டப் போன இடத்தில்தான் சலூன்கார அண்ணன் கத்தரியை நிறுத்தினார்.

"மாப்ளே, பின்மண்டையில நாலணா அகலத்துக்கு முடியே இல்ல, புழுவெட்டு."

நான் சும்மாவே கவலைப்படுகிற ஆள். வானம் லேசாகக் கறுத்தாலே ஒழுகலுக்குப் பாத்திரம் தேடுவேன். "புழு உள்ள போயி மூளையத் தின்னுருமாண்ணே?"

"ஒன் தலைக்குள்ள போனா பட்டினி கெடந்து செத்துரும். சின்ன வெங்காயத்த நறுக்கி, செவக்கச் செவக்கத் தேய்யி. ஒரு மாசம்."

பெண் பார்க்க இருந்ததோ பத்தே நாள். ஓயாமல் தேய்த்தால் ஒரு மாசத்தைப் பத்து நாளில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். வேலை நேரத்தில் எப்படித் தேய்ப்பது? நறுக்கிய வெங்காயத்தைச் சும்மாட்டுக்குள்ளேயே வைத்துச் சுற்றினேன். மூட்டை அழுத்த அழுத்தச் சாறு தானாக இறங்கும். இந்த மூளைக்காக என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

ஏலக்காயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் திருடிக்கொள்ளும். அதனாலேயே எங்கள் ஸ்டோருக்குள் பீடி கூடாது, மல்லிகைப்பூ கூடாது.

நாலாம் நாள் சரக்கு வாங்க வந்த யாவாரி ஒரு கை அள்ளி மூக்கில் வைத்தார். "என்ன மொதலாளி, ஏலக்காய் கேட்டா சாம்பாரக் காட்டுறீக?"

முதலாளி நேரே, காயைப் பொறுக்கிச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கும் பெண்களிடம் போனார். அதில் பேச்சியக்காதான் மத்தியானம் பழைய சோற்றுக்கு வெங்காயம் கடிப்பவள். "நாளையில இருந்து நீ வராத" என்றார்.

"கையக் கழுவிட்டுத்தான் மொதலாளி காயத் தொடுறேன்" என்று அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அவர் பார்க்கவே இல்லை.

பேச்சியக்கா வேறு ஊராக இருந்திருக்கக் கூடாதா? தேவாரம், அதுவும் பெண் வீட்டுக்கு அடுத்த தெரு. துண்டை அவிழ்த்தால் என் மண்டைச் சங்கதி சாயங்காலப் பஸ்சிலேயே தேவாரம் போய்விடும். அவிழ்க்காவிட்டால் அவள் பிழைப்பு போய்விடும். அவிழ்த்தேன். வெங்காயம் பொலபொலவென்று கீழே விழுந்தது.

முதலாளி என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, சரக்கை மோப்பது போலவே மோந்து, தும்மினார். பேச்சியக்கா பின்னால் வந்து அந்தச் சொட்டையை எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி! எட்டு எம்.எம். சல்லடையில போட்டாலும் மேலதான் நிக்கும். பெருங்காயி, மொதத் தரம்!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் யாவாரியும் சேர்ந்துகொண்டார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. பேச்சியக்காவை உட்காரச் சொல்லிவிட்டு, நான் தூக்கிய மூட்டைகளையெல்லாம் பிரித்துக் கொட்டிக் காற்றாட விடும் வேலையை எனக்குக் கொடுத்தார். இடுப்பு ஒடிந்தது.

பெண் பார்க்கத் தலையில் கட்டிய துண்டோடுதான் போனேன். பெண்ணின் அப்பா காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "துண்ட எடுங்க மாப்ளே, பிள்ள பாக்கணுங்குது" என்றார். எடுத்தேன். திரும்பி வேறு உட்காரச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடுதான் நாற்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

இப்போது காயைப் பிரிக்க மிஷின் வந்துவிட்டது. ஸ்டோரை இடித்துச் செல்போன் கடைகள் கட்டிவிட்டார்கள். பேச்சியக்காவும் போய்ச் சேர்ந்தாள். அந்தப் புழுவெட்டும் இப்போது இல்லை. சுற்றி நாலு முடியாவது இருந்தால்தானே அதைப் புழுவெட்டு என்று சொல்ல முடியும்?