எச்சில் விழுங்காமல் பத்து நொடி

இரண்டாயிரத்து ஐந்தில் நான் மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமந்துகொண்டிருந்தேன். அந்தக் கோடையில் ஒரு நாள் என் இடது கண்ணிமை தானாகப் பாதி இறங்கிவிட்டது. கண்ணுக்குப் பின்னால் வலி. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. கூட வேலை செய்த பெண்கள் நான் கண்ணடிக்கிறேன் என்று சிரித்தார்கள். சிரிக்காதவள் என் நாத்தனார் மட்டும்தான்.

"வாங்க அண்ணி, பாண்டிச்சேரி போயிட்டு வந்துடலாம்" என்று அன்றைக்கே பஸ் ஏற்றினாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று ஓரிடத்தில் மெலிந்து மொட்டுப்போல் உப்பியிருக்கிறது, வெடிப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்றார். முதலில் அந்த மொட்டுக்குள் ரத்தம் எப்படிப் போய்வருகிறது என்று தெரிய வேண்டுமாம். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்தி, நொடிக்குப் பல எக்ஸ்ரே எடுப்பார்களாம்.

படம் எடுப்பவர் வானூர்க்காரர். "மருந்து போறப்ப தலைக்குள்ள சூடா இருக்கும்க்கா. பத்து நொடி அசையக் கூடாது. எச்சில்கூட முழுங்காதீங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் தாமதம், வாயெல்லாம் எச்சில் ஊறியது. சூடு ஏறியதும் விழுங்கிவிட்டேன்.

"படம் ஆடிப்போச்சு. இன்னொரு தடவ எடுப்போம்" என்றார் டாக்டரம்மா.

"அவரு சொல்லாம இருந்தா முழுங்கியிருக்க மாட்டேங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் விழுங்கவில்லை.

பிறகு டாக்டரம்மா படத்தை எனக்கே ஓட்டிக் காட்டினார். ரத்தம் கறுப்பாகக் கழுத்திலிருந்து ஏறி, கிளைகிளையாகப் பிரிந்து, சட்டென்று மறைந்தது. மொட்டுக்குள் போனது மட்டும் சுற்றிச் சுற்றி நின்று, கடைசியாகத்தான் கலைந்தது. எனக்குப் பயம் வரவில்லை. இத்தனை வேலை என் தலைக்குள் நடக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மொட்டைக் கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். வலி நின்றது. சில மாதங்களில் இமையும் ஏறியது.

மழைக்காலம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, நாத்தனார், அந்தப் படங்கள் வரிசையாகப் பதிந்திருந்த என் எக்ஸ்ரே தாளை உப்பளத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். பெண்கள் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள்.

"ஒரே படத்தையே இருபது தடவ எடுத்திருக்காங்க" என்றாள் ஒருத்தி.

"நல்லா பாரு. இதுல குழாய் காலியா இருக்குது, அடுத்ததுல கறுப்பு ஏறுது" என்றேன்.

"வேலை நேரத்துல என்னம்மா கூட்டம்?" என்று மேஸ்திரி வந்தார். தாளை வாங்கித் தானும் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எதும்மா நெத்தி?"

காட்டினேன். தாளை இறக்காமலே, இன்னொரு கையால் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் உப்புக் கூடையைத் தொடவில்லை.