தட்டில் பட்ட எண்ணெய்

சின்னவளுக்குப் பெரியவள் மேல் இருந்த கோபத்துக்கு ஒன்றரை வயது. சோறு போட்டு, தாலாட்டி வளர்த்த கோபம். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவரும். மாடியில் பெரியவள், கீழ்வீட்டில் சின்னவள். வேலையும் ஒரே இடத்தில்தான், மேட்டுக்குக் கீழே இருக்கும் லாண்டரியில்.

நடந்தது இதுதான். ஒருநாள் சின்னவளின் மேஜையில் பெரியவள் யாரோ ஒருவரின் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் பேசப் போய்விட்டாள். கோட்டின் முதுகு கருகிப்போனது. இது யார் மேஜை என்று மேனேஜர் கேட்டார். பழி சின்னவள் தலையில் விடிந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று அவள் கத்தியது எவர் காதிலும் ஏறவில்லை. பெரியவளோ போர்வை மடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். வாயில் பிளாஸ்திரியா ஒட்டியிருந்தது? சின்னவளுக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை பெரியவளுக்குப் போயிற்று. சின்னவளை நீராவி அறைக்குத் தள்ளினார்கள்.

சூப்பர்வைசருக்குக் கம்பெனி சைக்கிள் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்கத் துணைக்கு வா என்று பெரியவள் சின்னவளையே கூப்பிட்டாள். கல்நெஞ்சுக்காரி, கூசாமல் கூப்பிட்டாள். கடைக்காரர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று ரிம் பிரேக். ரப்பர் கட்டை சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும், தேய்ந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மழையில் வழுக்கும். இன்னொன்று டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் ஒரு தட்டு, மழையோ சேறோ, பிடித்தால் பிடித்ததுதான். ஆனால் அந்தத் தட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது, பட்டால் கத்தும், நிற்காது என்றார். பெரியவள் அப்போது கடைக் கண்ணாடியில் வண்டியோடு சேர்த்துத் தன்னை அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

டிஸ்க் வண்டி வீட்டுக்கு வந்தது. சின்னவளின் பழைய ரிம் பிரேக் வண்டி பக்கத்தில் அதை நிறுத்திவிட்டு, இதையெல்லாம் இன்னுமா ஓட்டுகிறாய் என்று கேட்டு வேறு சிரித்தாள் பெரியவள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினால் எப்படி இருக்கும்?

பெரியவளுக்கு ஒரு குணம் உண்டு. கதவுத் தாழ்ப்பாளோ தண்ணீர்க் குழாயோ, பளபளக்காத எதையும் விட்டுவைக்க மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் நனைத்துக்கொண்டு வண்டியைத் துடைக்க உட்கார்ந்தாள். மட்கார்டு ஆயிற்று, ஹேண்டில்பார் ஆயிற்று. கடைசியில் இரண்டு சக்கரத்துத் தட்டுகளையும் மினுக்க மினுக்கத் துடைத்தாள்.

சின்னவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். வார்த்தை தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டாள். யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராதா? அன்று ராத்திரி அவளுக்கு அப்படி ஒரு தூக்கம்.

காலையில் மழை. நீராவி அறையைத் திறக்கச் சின்னவள் சீக்கிரம் போயாக வேண்டும். குடையோடு பெரியவள் இறங்கி வந்து குறுக்கே நின்றாள்.

"இந்த மழையில உன் வண்டி நிக்காது. என்னுதை எடுத்துட்டுப் போ. நான் பொறுமையா உன்னுதுல வரேன்."

பாவி, இத்தனை நாள் இல்லாத கரிசனம் இன்றைக்குத்தானா வரவேண்டும்? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சின்னவள் வண்டியை வாங்கிக்கொண்டாள்.

தெருமுனையில், சமதரையில் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். வண்டி ஊளையிட்டதே தவிர நிற்கவில்லை. குப்பைத்தொட்டியில் முட்டித்தான் நின்றது. எதிரே செங்குத்தான இறக்கம், அது முடிகிற இடத்தில் லாரிகள் போகும் சாலை. ராத்திரி அவள் ஆசை ஆசையாக நினைத்துப் பார்த்ததெல்லாம் பெரியவள் நாலு பேர் முன்னால் சேற்றில் விழுவதைத்தான். லாரி நினைப்பிலேயே வரவில்லை. ஆனால் கோபம் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

பாதி இறக்கத்தில், காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பழைய வண்டியில் பெரியவள் வந்து சேர்ந்தாள். ஏன் தள்ளிக்கொண்டு போகிறாய் என்றாள்.

"தட்டுல எண்ணெய். பிரேக் பிடிக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க துடைக்கும்போது பார்த்துட்டுதான் நின்னேன், அக்கா."

பெரியவள் கீழே சாலையைப் பார்த்தாள். ஒரு லாரி போயிற்று.

"பார்த்துட்டு வாயைத் திறக்காம இருந்தியா? நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"இதைத்தான் ஒன்றரை வருஷமா உங்களைக் கேக்கணும்னு இருக்கேன். கோட்டைக் கருக்கினது யாருன்னு உங்களுக்குத் தெரியும். நான் ஒரு ராத்திரி வாயை மூடிட்டு இருந்தேன், இப்போ சொல்லிட்டேன். நீங்க இன்னும் சொல்லலை."

சின்னவள் தன் பழைய வண்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். டிஸ்க் வண்டியைத் தள்ளியபடி பெரியவள் பின்னாலேயே வந்தாள்.

லாண்டரி வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். நீராவி அறையை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று சின்னவளைப் பிடிபிடி என்று பிடித்தார். அவள் திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சார், அந்தக் கோட்டு..." என்று பெரியவள் ஆரம்பித்தாள்.