சிவந்த கிணற்றுத் தண்ணீர்

எழுபதுகளில் ஒரு காலை, எங்கள் கிணற்றில் இறைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. பின்தெருவில் சாயப்பட்டறை இருந்தது. அதை நடத்திய பட்டு முதலாளிதான் எங்கள் வார்டு கவுன்சிலர். முந்தின நாள்வரை அந்தக் கிணற்று நீரைத்தான் என் கைக்குழந்தைக்குப் புகட்டியிருந்தேன்.

குடத்தோடு நகராட்சி ஆபீசுக்கு ஓடினேன். சுகாதார அதிகாரி தண்ணீரைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார்மேல புகார் சொல்றேன்னு தெரியுதாம்மா? உன் வீட்டுக்காரர் அவருக்குத்தானே நெய்துக்கினு இருக்காரு?"

நான் வீடு திரும்புவதற்குள் கவுன்சிலரின் ஆள் வாசலில் நின்றிருந்தான். அவன் சிரித்துக்கொண்டே பேசியதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"கிணத்த மூடிடலாம்மா. தெருவுக்குக் குழாய் வந்துரும்."

மூடினார்கள், குழாயும் வந்தது. பட்டறை மட்டும் நிற்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம், நாக்கை நீட்டச் சொல்லி நிறம் பார்ப்பேன்.