என் பெயர்க்காரர்கள்

ஒரே செய்தித்தாளின் ஒரே பக்கத்தில் என் பெயரை மூன்று தடவை பார்த்த பிற்பகலில்தான் அந்த யோசனை பிறந்தது. இன்டர்மீடியட் எழுதிவிட்டு, வேலையும் கிடைக்காமல் மேலே படிக்கவும் வழியில்லாமல், சேலத்துக்கும் எங்கள் ஊருக்குமாக நான் அலைந்துகொண்டிருந்த காலம். யுத்தச் செய்தி பார்க்கத்தான் வாசகசாலைக்குப் போனேன். மேல் பத்தியில் ஒரு டாக்டர் காலராவைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தார். அதற்குக் கீழே நாமக்கல் பயில்வான் ஒருவர் கோயமுத்தூரில் எதிராளியைச் சாய்த்திருந்தார். ஓரத்தில், நாலே வரியில், யுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒருவருக்குச் சிறைத் தண்டனை. மூன்று பேருக்கும் என் பெயர்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும். எங்கள் பக்கத்து மலைமேல் இருக்கும் சாமியின் பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டால் ஐந்து பேர் எழுந்து நிற்போம். அதுவரை எனக்கு அது ஒரு சலிப்பாகத்தான் இருந்தது. அன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது வேறு மாதிரி தோன்றியது. ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் வைத்தியம் பார்க்கிறார், ஒருவர் குஸ்தி போடுகிறார், ஒருவர் ஜெயிலுக்குப் போகிறார். இந்தப் பெயருள்ள பிரபலஸ்தர்களை எல்லாம் தேடிப் பிடித்து ஒரு புத்தகம் எழுதினால் என்ன? வாசகசாலைப் படியிறங்குவதற்குள் அட்டைக்கு என்ன நிறம் என்பதுகூட முடிவாகிவிட்டது.

என் அக்காவின் புருஷனுக்கும் அதே பெயர். பெண் பேச வந்தபோதே அம்மா தயங்கினாள். "இவ தம்பிய எப்படீங்க கூப்புடுவா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "சாமின்னு கூப்புட்டாப் போவுது. பேரு ஒண்ணா இருக்குதுன்னு நல்ல பையன உடுவாங்களா?" என்று முடித்துவிட்டார். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. மாமனார் பெயரும் ஆகாது. தாலி ஏறிய நாளோடு அக்கா என் பெயரையும் விட்டுவிட்டாள். முந்தின நாள் வரை அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால் வாய்க்காலுக்கு அக்கரையில் கேட்கும்.

மாமா, கிணற்றுத் தண்ணீர் முறையில் அண்ணன்மாரோடு மனஸ்தாபப்பட்டு, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு ரங்கூனுக்குப் போய்விட்டார். என் புத்தக யோசனையைக் கேட்டுச் சிரிக்காத ஆள் அவர் ஒருவர்தான். "மாப்பிள்ளை, இங்கே நம்ம பேரில் ஓர் அச்சாபீஸ்காரர் இருக்கிறார். கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த வாத்தியார் ஒருவரும் இருக்கிறார். இரண்டு பேரையும் விசாரித்து எழுதியிருக்கிறேன். பர்மாக்காரர்களில் இன்னும் யாரும் அகப்படவில்லை, பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

அந்த வருஷம் முழுவதும் சைக்கிளில் சுற்றினேன். நாமக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே பயில்வானைப் பிடித்தேன். உடம்பெல்லாம் செம்மண்ணாக உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, பேருக்காகவா இத்தன தூரம் மிதிச்சீங்க?"

"ஆமாங்க."

"என்ற எருமக்கெடாவுக்கும் இதே பேருதானுங்க. முட்டுச்சுன்னா செவுரு நிக்காது. அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு பெயர் கிடைத்தால் அதிலிருந்து இன்னொன்று. ராஜபார்ட் போடும் நாடகக்காரர், மேட்டூர் அணைக்கட்டில் பேர் வாங்கிய ஓவர்சியர், பனமரத்துப்பட்டி ஏரியில் மூழ்கப் போன மூன்று பேரை இழுத்துக் கரை சேர்த்த மீன்காரர். நோட்டு வீங்கிக்கொண்டே போயிற்று.

பிறகு ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. மாமாவிடமிருந்து கடிதம் நின்றது. பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் ஒருவர் இருவராக ரயிலில் வந்து இறங்கத் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். திரும்பி வந்து, விட்ட இடத்தில் வேலையைத் தொடங்குவாள்.

வராதவர்களைப் பற்றி விசாரிக்கச் சேலத்தில் சர்க்கார் ஒரு வாடகைக் கட்டடத்தில் மேசை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, நான் ஒரு மனு எழுதினேன். இங்கிலீஷில், இரண்டு பக்கம். அதில் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது: 'கீழே கையெழுத்திட்டவனுடைய பெயரையே தாமும் தாங்கிய என் மைத்துனர்.' மாமாவின் பெயரை அந்த மனுவில் நான் வேறெங்கும் எழுதவில்லை. அந்த வாக்கியமே போதும், அழகாகவும் இருக்கிறது என்று நினைத்தேன். அடியில் என் தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் அக்காவும் நானும் போய்ச் சேர்ந்தபோது வரிசை தெருவரைக்கும் நின்றது. அஸ்தம்பட்டியில் இருந்த அந்தக் காலரா டாக்டர் அன்று காலை என்னைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக எழுதி எழுதி வாங்கிய சம்மதம். அக்காவிடம் மனுவைக் கொடுத்தேன்.

"எல்லாம் இதுல இருக்குது. கேட்டாக் குடு. அரை மணியில வாரேன்."

"போயிட்டு வா சாமி. நான் எங்க போகப்போறேன்" என்றாள்.

டாக்டர், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பெயருக்காக வந்தேன் என்றதும் சிரித்து, நாற்காலி போடச் சொன்னார். நன்றாகப் பேசினார். படித்த நாளில் அவர் வேலை பார்த்த வார்டில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் படுத்திருந்தார்களாம். ஒருவருடைய மருந்து மற்றவர் வாய்க்குப் போக இருந்தது, கடைசி நொடியில் தடுத்தாராம். "அன்னையிலிருந்து நாக்கை நீட்டச் சொல்றதுக்கு முன்னால தகப்பனார் பேரைக் கேட்டுடுவேன். பேர் மட்டும் தெரிஞ்சா ஆளே தெரியாத மாதிரிதான்" என்றார். எத்தனை நல்ல அத்தியாயம் என்று எனக்குக் கை பரபரத்தது. ஒரு சொல் விடாமல் எழுதினேன். காப்பி வந்தது. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

நான் அங்கே அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே அக்காவின் முறை வந்திருக்கிறது. நடந்ததை வெகுநாள் கழித்து, துண்டு துண்டாக அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குமாஸ்தா புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார். அவள் தலை குனிந்திருக்கிறாள். மறுபடி கேட்டதும், "என்ற தம்பி பேருதானுங்க" என்றிருக்கிறாள். தம்பி எங்கே என்றால், தம்பி இல்லை. மாமனார் பெயர் கேட்டதற்கும் பதில் இல்லை. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். அவர் மனுவைத் திருப்பிப் பார்த்து, கையெழுத்துக்கு மேலே என் வாக்கியத்தைப் படித்துவிட்டு, அடியில் இருந்த பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் அப்படியே பதிவுப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தாளில் முழுசாக இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

நான் திரும்பி வந்தபோது அக்கா புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் எழுதிக்கிட்டாங்க சாமி" என்றாள். முகம் தெளிந்திருந்தது. என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன கதையைப் பஸ்ஸில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்தப் பெயரில், இன்னாருக்கு மகனாக, இன்ன ஊரைச் சேர்ந்த எவரும் எந்த முகாமிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் பதிவாகவில்லை. அந்த இன்னார் என் அப்பா. ஊர் எங்கள் ஊர். காட்டிலும் மலையிலும் ஆஸ்பத்திரிக் கட்டில்களிலும் ஆறு மாதம் என்னைத் தேடியிருக்கிறார்கள். நானோ சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா அடுப்படியிலிருந்து, "என்ன போட்டிருக்குது?" என்று கேட்டாள்.

"இன்னும் தேடறாங்களாம்" என்றேன். அந்தப் பொய்யை மூன்று நாள்தான் காப்பாற்ற முடிந்தது. பரமத்திப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர், மாமாவோடு ரங்கூனில் லாரி ஓட்டியவர், கணுக்காலில் ஆறாத புண்ணோடு எங்களைத் தேடி வந்தார். அசாம் எல்லைவரை இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்திருக்கிறார்கள். அங்கே ஒரு முகாமில் மாமாவுக்குக் கடும் காய்ச்சல். "நீ போய்ச் சொல்லு, ஊட்டுல இருந்து ஆராச்சும் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னாருங்க. நானும் வழியில படுத்துட்டேன். எந்திரிச்சு வர இத்தன மாசமாச்சுங்க" என்றார். அக்கா அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்ப அவரு அங்கயே இருப்பாருன்னு சொல்லுங்க" என்றாள். அவர் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றுதான் உண்மையைச் சொன்னேன். வாக்கியத்தையும் சொன்னேன், டாக்டர் வீட்டுக் காப்பியையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நான் வாயத் தொறந்திருந்தா இது ஆயிருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

நோட்டில் இன்று நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். எருமைக்கடாவும் இருக்கிறது. மாமாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பிரபலமானவர்கள் மட்டும் என்று ஆரம்பத்திலேயே நிபந்தனை வைத்திருந்தேன். அவர் உயரம் எவ்வளவு என்றுகூட இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

போன வாரம் தனியாகச் சேலம் போனேன். இப்போது அங்கே ஒரு புது அதிகாரி. பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க எழுத்தை நம்பித்தான் ஒரு தடவை தேடினோம். இனிமே அந்த அம்மாவே வந்து வாயால சொல்லட்டும். புருஷன் பேரு, மாமனார் பேரு, ஊரு. கேட்டு நான் எழுதிக்கிறேன்."

"எங்களுக்குள்ள வழக்கமில்லீங்க. நான் சொல்றேனுங்க."

"நீங்க யாரு? அதே பேர்க்காரர்தானே?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். புதன்கிழமை வந்தால் பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு அந்த மேசையை எடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். மாமாவின் அண்ணனைக் கூட்டிப் போகலாம் என்று அவர் ஊருக்குப் போய்ப் பார்த்தேன். "ஊட்ட உட்டுப் போனவன் எனக்கு அன்னைக்கே செத்தவன்" என்று சொல்லி ஏர் பூட்டப் போய்விட்டார்.

அக்காவிடம் இது மூட நம்பிக்கை என்று வாதாடினேன். படித்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சொன்னா அவரு ஆயுசு கொறையும். சொல்லாட்டித் தேட மாட்டாங்க. நீ படிச்சவனாச்சே சாமி, ரெண்டுல எது மேலுன்னு நீயே சொல்லு."

காய்ச்சலோடு கிடந்த மனிதர் இத்தனை மாதம் உயிரோடு இருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது. அதனால்தான் அவளால் சொல்ல முடியவில்லை. அவர் செத்துவிட்டார் என்று நம்பியிருந்தால் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து தாராளமாக வந்திருக்கும்.

நேற்றுக் காலை, மாடு கட்டும் தொண்டுப்பட்டியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவளிடம் வேறொரு வழி சொன்னேன். "அவர் பேரச் சொல்ல வேண்டாமக்கா. என்னக் கூப்புடு, அதக் கேட்டு அவங்க எழுதிக்கட்டும். நீ சின்னப் புள்ளையில இருந்து கூப்புட்ட பேருதான."

"உன்னக் கூப்புட்டா நீதான வருவ" என்றாள்.

ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, என்னை வேலிப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். நின்றேன். அவள் வாயைத் திறந்தாள். முதலெழுத்து வந்தது. அதற்கு மேல் வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொல்லும்வரை அந்தப் பெயரை நானும் எழுதுவதாயில்லை.

நாளை மறுநாள் புதன். முதல் பஸ்ஸில் போகிறோம், இந்தத் தடவை நான் வரிசையை விட்டு நகர்வதாயில்லை. முறை வந்ததும் அதிகாரியிடம் அனுமதி கேட்டு, அந்த அறையின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அக்கா என்னைக் கூப்பிட முயல்வாள். மாமனார் பெயருக்கு நிலப் பட்டாவின் நகல் ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறோம். அதில் அந்தப் பெயர்மேல் விரல் வைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதிகாரி அதை ஒப்புக்கொள்வாரா, தெரியாது.