பட்டுப்பாவாடையும் சாக்ஸும்

நவராத்திரியில் பட்டுப்பாவாடைக்கு அடியில் பள்ளிக்கூட சாக்ஸ் போட்டுக்கொண்டு கிட்வாய் நகர் முழுக்க நடந்த ஒரே பெண் நான்தான். முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ். மேலே, அந்த வெயிலில், முழுக்கைச் சட்டை. கழுத்திலும் காதோரத்திலும் வேப்பெண்ணெய். அந்த நாற்றத்தோடு கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடச் சொன்னால் யாருக்குத்தான் குரல் வரும்? இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் கொசு. டெல்லியில் மழை விட்டபின், குளிர் வருவதற்கு முன்னால் ஒரு பருவம் உண்டு. பகலில் வேர்க்கும், விடியற்காலையில் கை போர்வையைத் தேடும். கொசுவுக்கு அதுதான் கொண்டாட்டம். அந்த வருடம் எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளில் டெங்கு. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்திருப்பதாக அப்பா ஆபீஸிலிருந்து செய்தி கொண்டுவந்தார். அந்தக் கொசு பகலில் கடிக்கும், சுத்தமான தண்ணீரில் முட்டையிடும் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அம்மாவின் ராணுவ ஆட்சி. சனிக்கிழமைதோறும், தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஜன்னல் கூலரைக் காலி செய்து, தேய்த்து, காயவைப்பாள். பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, எதையும் விடமாட்டாள்.

சரி, சட்டம் என்றால் எல்லோருக்கும்தானே? என்னைவிட இரண்டு வயது பெரிய அண்ணன் அரை டிராயரோடு பார்க்கில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். கேட்டேன்.

"அவன் சொன்னாக் கேக்கவா போறான்? நீ சமத்து, போட்டுக்கோ" என்றாள் அம்மா.

சொன்னதைக் கேட்பவளுக்குத் தண்டனை, கேட்காதவனுக்கு விடுதலை. கொசு கடிப்பதற்கு முன்னால் ஆணா பெண்ணா என்று விசாரிக்குமா?

எதிர் பிளாக் மாமியின் வீட்டில்தான் பெரிய அவமானம். அவள் பெண்ணுக்கு என் வயதுதான். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். நான் உட்கார்ந்ததும் பாவாடை விலகி சாக்ஸ் தெரிந்தது. "ஏய், நீ ஸ்கூல்லேர்ந்து டைரக்டா வந்தியா?" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு வாரம் பழகிய பாட்டு ஒரு வரியோடு நின்றது.

எங்கள் வீட்டிலும் கொலு இருந்தது. படிகளுக்குப் பக்கத்தில் பார்க் கட்டும் உரிமை அண்ணனுடையது. மணலில் ஒரு டிரேயைப் புதைத்து, நிஜத் தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக் வாத்துகளை மிதக்கவிட்டான். "கண்ணாடி வச்சு ஏமாத்தறதெல்லாம் பொண்கள் பண்ற வேலை" என்று பெருமை வேறு. தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றினானே தவிர, ஒருநாளும் மாற்றவில்லை. அம்மாவும் மாற்றச் சொல்லவில்லை. வைத்த கொலுவை விஜயதசமிக்கு முன்னால் கலைக்கக் கூடாது. ஒரு பொம்மையைக்கூட நகர்த்தக் கூடாது. கூலர் தண்ணீர் அவளுக்குத் தண்ணீராகத் தெரிந்தது. குளத்துத் தண்ணீர் கொலுவாகத் தெரிந்தது.

எட்டாம் நாள் மத்தியானம் எதிர் பிளாக் மாமி பெண்ணோடு வந்தாள். அந்தப் பெண் குளத்தருகே குந்தி உட்கார்ந்து கூவினாள்: "ஆன்ட்டி, தேக்கோ! சோட்டி சோட்டி மச்லி!"

மாமி குனிந்து பார்த்தாள். "அட, நிஜ மீன் குஞ்சு! உங்க பையன் கெட்டிக்காரன் மாமி."

மீன் எதுவும் விடாத அண்ணன் அந்தப் பாராட்டைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான். சுண்டல் பாத்திரத்தோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை அவள் நிழல் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கின.

பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். மணல் கொட்ட, வாத்துகள் உருள, டிரேயை அப்படியே பிடுங்கி எடுத்தாள். பக்கத்திலிருந்த செட்டியார் பொம்மை சாய்ந்தது.

"ஐயையோ, என்ன பண்றேள் மாமி? அஷ்டமியும் அதுவுமா கொலுவைக் கலைக்கறேளே!"

"அம்பாள் கோச்சுண்டா கோச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா பின்கட்டுக்குப் போனாள். காய்ந்த சிமெண்டுத் தரையில் தண்ணீரைக் கொட்டி, கடைசி ஈரம் காயும்வரை வெயிலிலேயே நின்றாள்.

நான் நியாயத்துக்காகக் காத்திருந்தேன். இன்றைக்கு அவனுக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். அம்மா உள்ளே வந்தாள். அண்ணனை உட்காரவைத்து, அவன் கால்களை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சிவந்து தடித்திருந்த கடிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதோடு போயிற்றா? மறுநாளிலிருந்து அவனுக்கு மொசம்பி ஜூஸ், மாதுளம்பழம். விளையாடப் போகாமல் படுத்துக்கொண்டே காமிக்ஸ் படிக்கலாம். அடிக்கடி அம்மாவின் புறங்கை அவன் கழுத்தில். குளம் கட்டிக் கொசு வளர்த்தவனுக்கு உபசாரம். வேப்பெண்ணெயில் ஊறியவளுக்கு வழக்கமான ரசம் சாதம். அவனுக்குக் கடைசிவரை ஜுரம் வரவில்லை. அதையும் அநியாயக் கணக்கிலேயே சேர்த்தேன்.

ஒரு நாள் காலை, அவன் கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மா சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போய்க் கழுத்தை நீட்டினேன்.

"எனக்குத் தொட்டுப் பாக்க வேண்டாமா?"

அப்போதுதான் என்னைக் கண்டவள் போலப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் வராதுடி" என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்கட்டில் உட்கார்ந்து ஆத்திரத்தோடு அழுதேன். எனக்கு வந்தால்கூட இவளுக்குக் கவலையில்லை என்று முடிவு செய்தேன். அந்த வாரம் முழுவதும் அவள் பயமில்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.