அப்பாவின் ஐந்து குண்டுகள்

ஐந்து குண்டில் ஒன்றுகூடப் பலூனில் படாமல், ஐந்தும் ஒரே இடத்தில் பட்டால் அதைக் குறி தவறியது என்பதா, தவறாதது என்பதா? இதை இன்றுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.

நேற்று வைகாசித் திருவிழாவில், பலூன் சுடும் கடையில் 'டப்' என்று சத்தம் கேட்டதும் என் மகள் தாத்தாவின் கையை இழுத்தாள். "நீ சுடு தாத்தா!"

"எனக்குக் குறி வராதும்மா" என்றார் அப்பா. அது நான் எப்போதோ சொன்ன வார்த்தை.

அதைச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. இதே தெருவில் இதே போல ஒரு கடை. சித்தப்பா இஷ்டத்துக்குச் சுட்டார். இரண்டு பலூன்கள் வெடித்தன. நெசவாளியான அப்பா, தறியில் இழை பார்ப்பது போல மூச்சை அடக்கி, ஐந்து முறையும் ஒரே சிவப்புப் பலூனைக் குறிவைத்துச் சுட்டார். அது வெடிக்கவே இல்லை.

"இன்னாண்ணா, பலூனைப் பாத்து பாவப்படறியா?" என்றார் சித்தப்பா.

நானும் கைதட்டி, "அப்பாவுக்குக் குறியே வராது!" என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தபடி துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு பலகையருகே போய்ப் பார்த்தேன். சிவப்புப் பலூனுக்கு இடப்பக்கம் ஐந்து புதுத் துளைகள், என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கின. சித்தப்பாவுடையவை எங்கெங்கோ சிதறியிருந்தன. கோணல் துப்பாக்கியில்தான், அப்பாவின் குறியில் இல்லை. கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிச் சுட்டிருக்கலாம். இழைக்கு இழை மாறாமல் நெய்து பழகிய கை மாறவில்லை. சித்தப்பா வாங்கித் தந்த பஞ்சுமிட்டாயைத் தின்றுகொண்டே, பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அன்று நான் கத்தியதையே அப்பா நேற்று தன் வாயால் சொன்னார். இப்போது உண்மையைச் சொன்னால் பழைய அவமானத்தைக் கிளறுவதாகுமா? சொல்லாவிட்டால் என் மகளும் அதையே நம்புவாள். நீங்களாக இருந்தால் அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.